டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வேலை: குன்னூர் வீட்டு பாத்ரூம் தரை

குன்னூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள பாத்ரூமின் தரையை மண் வரைக்கும் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறோம். டைல்ஸ் ஒட்டுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு அடியில் என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கீழ்நாட்டு முறை அப்படியே ஒத்துவராது. கோயம்புத்தூரில் பாத்ரூம் தரை தாங்க வேண்டியது பெரும்பாலும் மேலே ஊற்றுகிற தண்ணீரைத்தான். இங்கே மேட்டு மண்ணுக்குள் இறங்கி, சுவருக்கு அடியில் புகுந்து, தரை வழியாக ஏறி வருகிற தண்ணீரும் இருக்கிறது. அதை நிறுத்தாமல் மேலே எத்தனை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தாலும் அது கீழிருந்து கோட்டிங்கைத் தள்ளிக் கழற்றிவிடும்.

வீடு சரிவை வெட்டிக் கட்டியது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, மேட்டுக்கு மேலே தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பாத்ரூம் அந்தப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது, 7 அடிக்கு 5 அடி. பழைய டைல்ஸைத் தட்டினால் பாதி இடத்தில் உள்ளே காலியாக இருக்கிற சத்தம் கேட்டது. இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பின்சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து ஓதம் ஏறியிருந்தது. மழை நின்று இரண்டு வாரம் ஆன பிறகும் அந்த மூலை காயவே இல்லை.

மேஸ்திரி காரமடைப் பக்கத்துக்காரர், இந்த மலையில் பல வருஷமாக வேலை பார்க்கிறவர். வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பழைய டைல்ஸை எடுத்துப்போட்டு, ரெண்டு கோட்டு அடிச்சு, புதுசை ஒட்டிரலாமுங்க, நாலு நாள் வேலைதானுங்க" என்றார். வழக்கமாக எல்லா வீட்டிலும் நடப்பது அதுதான். "அண்ணா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்த்திரலாம், அப்புறம் உடைக்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

தண்ணீர் வர மூன்று வழிதான் உண்டு. குழாய் கசியலாம், குளிக்கிற தண்ணீர் இணைப்பு வழியாக இறங்கலாம், மண்ணிலிருந்து வரலாம். முதலில் குழாயைப் பார்த்தோம். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, மோட்டார் போடாமல், வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் ஒரு இரவு விட்டோம். மட்டம் இறங்கவில்லை, ஆகவே குழாய் சரி. அடுத்து கீழ் பாத்ரூமைப் பூட்டிவிட்டு எல்லோரும் மாடி பாத்ரூமிலேயே குளித்தோம். அப்படியும் மூலை காயவில்லை.

மூன்றாவதாகச் செய்த பாலிதீன் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, காசே செலவில்லை. பின்சுவர் பக்கம் நான்கு டைல்ஸ், கதவுப் பக்கம் நான்கு டைல்ஸ் எடுத்துவிட்டு, அடியில் இருந்த சிமென்ட் பரப்பைத் துணியால் நன்றாகத் துடைத்தோம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினோம். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட வேண்டும், நாங்கள் அதற்கும் மேலேயே விட்டோம். மலையில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சு (பனிமூட்டம்) இறங்குகிற நாளில் தரை சில்லென்று இருப்பதால் ஷீட்டின் மேல்பக்கத்திலும் நீர்த்துளி பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு அடியிலிருந்து ஓதம் வருகிறது என்று முடிவு கட்டக்கூடாது. மேலே துடைத்துவிட்டு, பிறகு ஷீட்டை உரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்களுக்குக் கதவுப் பக்கத்து ஷீட்டின் அடி காய்ந்தே இருந்தது. பின்சுவர் பக்கத்தில் ஷீட்டின் உட்புறம் முழுக்க வேர்த்து முத்து முத்தாக நின்றது, அடியில் இருந்த சிமென்ட் கறுத்துப்போயிருந்தது. மேஸ்திரி குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மேட்டுத் தண்ணிங்க, இதுக்கு வெளியிலதான் வேலை பண்ணோணும்" என்றார்.

ஆக, பாத்ரூம் வேலை பாத்ரூமுக்கு வெளியே, சந்தில் தொடங்கியது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும். அந்தச் சமயத்தில் மேட்டை ஒட்டித் தோண்டுவது ஆபத்து, எதற்காகவும் செய்யாதீர்கள். ஜனவரி வெயிலுக்காகக் காத்திருந்து, மண் இறுகிய பிறகே கடப்பாரையைத் தொட்டோம். பொக்லைன் வைத்து வெட்டுவதற்கு நீலகிரியில் அனுமதி வேண்டும், அதுவும் இது சந்துக்குள் ஒரு சின்ன வாய்க்கால்தான், ஆள் வைத்து வெட்டினாலே போதும். சந்தின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் திறந்து போடவில்லை. கொஞ்ச தூரம் வெட்டி, பைப் போட்டு, ஜல்லி நிரப்பி மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போனோம். வாய்க்காலின் அடி, பாத்ரூம் தரை மட்டத்துக்கு ஒரு அடி கீழே வர வேண்டும், ஆனால் எக்காரணம் கொண்டும் கடைக்கால் கல்லின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் சுவர் உட்காரும்.

வாய்க்காலில் முதலில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணியை விரித்து, கொஞ்சம் ஜல்லி, அதன்மேல் ஓட்டை போட்ட 4 இஞ்ச் பிவிசி பைப், ஓட்டைகள் கீழ்நோக்கி இருக்கும்படி. ஓட்டை மேலே இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மண்ணுக்குள் தண்ணீர் கீழிருந்துதான் மட்டம் உயரும், ஓட்டை கீழே இருந்தால் அது கொஞ்சம் ஏறியதுமே பைப்புக்குள் போய்விடும். சுற்றிலும் 20 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடினோம், மண் உள்ளே வந்து அடைக்காது. வாட்டம், அதாவது சாய்வு, மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். பைப்பின் வாயைச் சாலையோரச் சாக்கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். சரிவில் வீடு இருக்கிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும், நம் தண்ணீரைக் கீழ்வீட்டுக்காரர் மேட்டில் விட்டால் நம் ஓதம் அவர் வீட்டு மண்சரிவாகிவிடும்.

வாய்க்கால் முடிந்து சில வாரம் விட்டுவிட்டு மறுபடி பாலிதீன் ஒட்டிப் பார்த்தோம். வேர்வை நன்றாகக் குறைந்திருந்தது, அடியோடு போகவில்லை. அது எதிர்பார்த்ததுதான். மண் என்று இருந்தால் ஈரம் இருக்கும். மிச்சத்தைத் தரைக்குள் நிறுத்த வேண்டும்.

உடைக்கும்போது அடுக்கடுக்காக வந்தது. டைல்ஸ், அதற்கடியில் இரண்டு இஞ்ச் கலவை, அதற்கடியில் பழைய காவித்தரை, அதற்கடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், பிறகு செம்மண். சுண்ணாம்பு கான்கிரீட் நல்ல வேலைப்பாடு, ஆனால் ஈரத்தில் ஊறி ஊறி விரலால் கிள்ளினாலே உதிர்ந்தது. கழிவுநீர்க் குழாய் பழைய பீங்கான் குழாய், துண்டு துண்டாகச் சிமென்ட் வைத்து இணைத்தது. ஒரு இணைப்பில் மயிரிழை மாதிரி வேர்கள் உள்ளே புகுந்து, குழாயின் பாதி வாயை அடைத்துக் கட்டியாகத் திரண்டிருந்தன. வெளியே இழுத்ததும் குழாய் வடிவத்திலேயே வந்தது. பழைய வீட்டில் தரையைத் திறக்கிறீர்கள் என்றால் பீங்கான் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், மறுபடி திறக்கப்போவதில்லை, பிவிசிக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் கக்கூஸுக்கு 110 மில்லி, குளிக்கிற தண்ணீருக்கு 75 மில்லி போட்டோம். 110 மில்லிக்கு 40 அடிக்கு ஒரு அடி வாட்டம். மண் மூடுவதற்கு முன் கடைசி முனையை அடைத்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தோம். பிளம்பர் அவசரப்பட்டார், இருந்தாலும் நின்று பார்க்க வைத்தோம்.

தரைத் தண்ணீர் வடிந்து போகிற வாயான நானி ட்ராப்பின் உயரத்தை இந்த நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கோட்டிங், பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று கணக்குப் போட்டு, ட்ராப்பின் வாய் அதற்கும் கொஞ்சம் கீழே உட்கார வேண்டும். ட்ராப்புக்குள் நிற்கும் தண்ணீர் 50 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கிற மாதிரி வாங்குங்கள், ஆழம் குறைந்த ட்ராப்பில் ஆள் இல்லாத நாட்களில் தண்ணீர் ஆவியாகிச் சாக்கடை வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். மலையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய, அவர்களுக்கு இது முக்கியம்.

அடித்தளம். செம்மண்ணைத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, அதன்மேல் 40 மில்லி ஜல்லி 4 இஞ்ச் கனத்துக்கு. இது பாரம் தாங்குவதற்கு மட்டுமல்ல. நயமான மண்ணில் ஈரம் தானாக மேலே ஏறும், பெரிய ஜல்லியின் இடைவெளிகளில் அது ஏற முடியாது, அங்கேயே நின்றுவிடும். ஜல்லிமேல் எம் சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணல்) மெல்லிசாகத் தூவி முனைகளை மூடி, அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், இணைப்பில் ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி போட்டு டேப் ஒட்டி, நாலு சுவரிலும் மேலே ஏற்றிவிட்டோம். ஷீட்டின்மேல் யாரும் செருப்போடு ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வாசலிலேயே நின்றார். ஒரு கூர்மையான கல் போதும் எல்லாம் வீணாக. அதன்மேல் 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி), 4 இஞ்ச்.

மணல் பற்றி ஒரு வார்த்தை. எம் சாண்ட் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறது, வழியில் பர்லியார் தாண்டியதும் தூறலோ மஞ்சோ பட்டு நனைந்துவிடும். லேசாக நனைந்த மணல் உப்பிக்கொள்ளும், காய்ந்த மணலைவிட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூட இடம் பிடிக்கும். சட்டிக்கணக்கில் அளந்தால் உண்மையில் மணல் குறைவாகப் போகிறது, தண்ணீரும் கூடிவிடுகிறது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, கலக்கும்போது தண்ணீரைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னோம்.

இனி வாட்டம். என் கருத்தில் இந்த முழு வேலையின் உயிர் இதுதான். பெரும்பாலும் அடித்தளத்தை மட்டமாகப் போட்டு, அதன்மேல் மட்டமாகவே கோட்டிங் அடித்து, டைல்ஸ் பதிக்கிற கலவையில்தான் வாட்டம் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் டைல்ஸ்மேல் தண்ணீர் ஓடும், உண்மைதான். ஆனால் இணைப்பு வழியாகக் கலவைக்குள் இறங்குகிற தண்ணீர் மட்டமான கோட்டிங்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே போக வழியே இல்லை. பாத்ரூமில் எவ்வளவு கழுவினாலும் போகாத அந்த ஊசல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. வாட்டம் கோட்டிங்குக்கு அடியிலேயே இருந்துவிட்டால் மேலே டைல்ஸ் ஒரே கனத்தில் பசையில் ஒட்டிக்கொள்ளும், இறங்குகிற தண்ணீரும் ட்ராப்பை நோக்கியே போகும்.

எங்கள் ட்ராப் பின்சுவர் மூலையில். எதிர்மூலையில் கதவு. குறுக்கே அளந்தால் சுமார் எட்டரை அடி, 80-க்கு 1 என்று வைத்தால் ஒன்றேகால் இஞ்ச் இறக்கம். குளிக்கிற பக்கத்தில் 60-க்கு 1, கதவுப் பக்கத்தில் 100-க்கு 1 என்று கொஞ்சம் மாற்றிக்கொண்டோம், காய்ந்த பக்கத்தில் நடக்கும்போது சாய்வே தெரியக் கூடாது. மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவலை வைத்துச் சுவர் நான்கிலும் ஒரே மட்டத்தில் கோடு குறித்தார். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு கீழே என்று டேப்பில் அளந்து, இரண்டடிக்கு ஒன்றாகக் கலவைப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு டைல்ஸ் துண்டைப் பதித்தார். துண்டின் தலைதான் தரையின் முடிவு மட்டம். பிறகு மூலையிலிருந்து ட்ராப்புக்கு நூல் கட்டி, ஒவ்வொரு துண்டும் நூலைத் தொட்டும் தொடாமல் நிற்கிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு துண்டை எடுத்து அழுத்தினார், ஒன்றைத் தூக்கினார். ரசமட்டத்தை வைத்து நான் பார்த்ததைவிட அவர் நூலில் பார்த்தது துல்லியமாக இருந்தது.

கான்கிரீட் பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, நனைத்து, எஸ்பிஆர் (ஒட்டுவதற்கான ரப்பர் பால்) கலந்த சிமென்ட் பாலைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் 1:4 சிமென்ட் மணல் கலவையைப் போட்டோம். காய விட்டுவிட்டுப் போட்டால் அந்தப் பால் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரிக்கும். ட்ராப் பக்கத்தில்கூட கனம் ஒரு இஞ்சுக்குக் குறையவில்லை. மட்டப்பலகையைப் புள்ளிக்குப் புள்ளி வைத்து இழுத்து, துண்டுகளை எடுத்து அந்தக் குழிகளை நிரப்பியாயிற்று. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு இஞ்சுக்குச் சாய்வாகக் கலவை பூசி மூலையை உருட்டிவிட்டோம், கோட்டிங் செங்குத்து மடிப்பில்தான் முதலில் விரிசல் விடும்.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிப்ரவரியில் குன்னூரில் பகல் வெயில் நன்றாக இருக்கும், ராத்திரி சில்லிட்டுவிடும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி விழும். சிமென்ட் இறுகுவது ஒரு ரசாயன வேலை, குளிர்ந்தால் அது மந்தமாகும், 5 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய நின்றேவிடும், உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்தால் கலவை உள்ளுக்குள்ளேயே விண்டுபோகும். ஆகவே காலை பத்து மணிக்குப் பிறகு கலந்து, மதியம் மூன்றுக்குள் முடித்தோம். ராத்திரி சாக்கு போட்டு அதன்மேல் பாலிதீன், ஜன்னலை மூடி வைத்தோம். சாதாரண சிமென்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்கு 10 நாள் நீராட்ட வேண்டும் என்பது கணக்கு, மலைக் குளிரில் அதற்கு மேலே போனால் நல்லது. கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிபிசிதான். "மேல காஞ்சாப்புல தெரியுமுங்க, நம்பிராதீங்க" என்று மேஸ்திரியே சொன்னார்.

இதெல்லாம் மண்மேல் இருக்கிற தரைக்கு. பழைய பங்களாக்களில் பலகைத் தரை இருக்கும், அடியில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அங்கே பலகைமேல் கலவையைக் கொட்டவே கூடாது. பலகை ஈரத்தில் ஊதும், நடந்தால் வளையும், டைல்ஸ் வளையாது, விரிசல் விட்டுவிடும். முதலில் அடியில் இறங்கி உத்திரங்களை ஆணியால் குத்திப் பாருங்கள், ஆணி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. நல்ல மரமானால் மரைன் பிளையை (ஈரம் தாங்கும் பிளைவுட்) ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதன்மேல் சிமென்ட் ஃபைபர் போர்டு, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல். அப்புறம்தான் கோட்டிங்.

கோட்டிங் நாங்கள் எடுத்தது இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமென்ட் வகை. குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடங்களைச் சுற்றி உளியால் பள்ளம் எடுத்து, சுருங்காத கிரவுட் கலவையை அடைத்தோம். கசிவு எப்போதும் இந்த ஓட்டைகளைச் சுற்றித்தான். மூலைகளில் கண்ணாடி இழை வலையை முதல் கோட்டில் அமுக்கிவிட்டு, இரண்டாவது கோட்டை முதலுக்குக் குறுக்காக அடித்தோம். சுவரில் சுற்றிலும் ஒரு அடி, குளிக்கிற பக்கம் ஆறடி. மஞ்சு இருக்கிற நாளில் முதல் கோட் காய்வதற்கே நாள் முழுக்க ஆகும், டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கு நம் ஊருக்கு அல்ல. விரலை வைத்து அழுத்தினால் ஒட்டக் கூடாது, அதுதான் கணக்கு.

கடைசியாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தது. ட்ராப்பை அடைத்து, வாசலில் செங்கல் வரப்பு வைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு. பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டோம். இரண்டு நாளில் ஆவியாகிக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், வாளியில் இறங்கிய அளவே தரையிலும் இறங்கியிருந்தால் கசிவு இல்லை. எங்களுடையது சரியாக ஒத்துப்போனது. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் எந்த இடத்திலும் குட்டையாக நிற்காமல் போனதா என்றும் பார்த்துக்கொண்டோம். ட்ராப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்ன இடத்தில் மட்டும் ஈரம் தேங்கியது, டைல்ஸ் ஒட்டும் பசையில் அதைச் சரி செய்துவிடலாம் என்றார் மேஸ்திரி.

டைல்ஸ் ஒரு அடிச் சதுரம் எடுத்திருக்கிறோம், சொரசொரப்பானது. இரண்டடிக்கு இரண்டடி அழகாக இருக்கும், ஆனால் ட்ராப் மூலையை நோக்கி இறங்கும் சாய்வுகளில் அது உட்காராது, வெட்ட வேண்டிவரும். பசை 6 மில்லி பல்கரண்டியில் இழுத்து, ட்ராப் பக்கத்தில் தொடங்கிக் கதவை நோக்கி. தரையைத் திறந்திருந்தபோது குழாய் போகிற வழியையெல்லாம் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பின்னால் தரையில் துளை போடுகிறவர்களுக்கு உதவும். சந்து பைப்பின் வாயில் இலை அடைக்காமல் வலை கட்டியிருக்கிறது, செப்டம்பர் கடைசியில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.